அண்ணனின் குரல்

இறந்துபோன தம்பியின் மேல் கிடந்த போர்வையை நீவிக்கொண்டிருந்த பெரியவரின் கை பாதியில் நின்றது. வாசலில் ஐந்து பேர். ஐவர் கையிலும் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு.

அவருக்குச் சுருக்கென்றது. சிறுநீரகம் கெட்டுத் தம்பி வாரம் இருமுறை மருத்துவமனைக்குப் போனதை மூன்று வருடமாக உறவுக்குத் தெரியாமல் காத்தவர் அவர். "எங்க வம்சத்துல யாரும் படுத்ததில்ல" என்று பெருமை பேசுகிற ஆள்.

"நாங்க அவரோட பக்கத்துக் கட்டில் சார்," என்றாள் அவர்களில் ஒருத்தியான இஸ்திரிக்காரம்மா. கையில் அட்டை கிழிந்த தடி நாவல்.

"எந்தக் கட்டில்?" என்றாள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அத்தை. பெரியவர் காதில் வாங்காதவர்போல நின்றார்.

ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரம் ஓடும் நாலு மணி நேரமும் தம்பி வாசித்துக் காட்டுவாராம், வலியே தெரியாதாம். அந்த நாவலில் முப்பது வருடச் சிறை முடிந்து ஒருவன் வீடு திரும்புகிறான். அண்ணன் கதவைத் திறக்கிறான். வெள்ளிக்கிழமை அங்கே நிறுத்தியவர்தான்.

"அண்ணன்காரன் சேத்துக்குவானா மாட்டானான்னு தூக்கமே இல்ல சார். நீங்க படிங்க, அவரும் கேக்கட்டும்."

"சாவு வீட்ல கதையா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்றார் பெரியவர்.

"நாலு பேரும் இங்கதானே உக்காந்திருக்காங்க மாமா. படிங்க." காலையிலிருந்து தம்பி மனைவி பேசிய முதல் வார்த்தை அது.

தட்ட முடியவில்லை. நாவலை வாங்கி நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிப் படித்தார்: "யார் நீ? இந்த வீட்டுக்கென்று ஒரு பெயர் இருக்கிறது, தெரியுமா?"

ஐந்து பேரும் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். பெரியவர் முகம் கறுத்தது.

"மன்னிச்சுக்கங்க சார்," என்றார் ஐவரில் ஒருவரான லாரி டிரைவர் மூச்சு வாங்க. "அண்ணன் வர்ற இடத்துக்குன்னே அவரு ஒரு குரல் வச்சிருந்தாரு. கழுத்த நிமித்தி, ஒரு செருமல்... அச்சு அசல் இதேதான்!"

தம்பி மனைவி முந்தானையால் வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது, அழுகையால் அல்ல.

பெரியவர் தம்பி முகத்தையே பார்த்தார். "படவா," என்றார் மெல்ல. பிறகு அத்தை பக்கம் திரும்பினார். "ஆஸ்பத்திரிக் கட்டில். மூணு வருஷம் படுத்தான். நான்தான் மறைச்சேன்."

கழுத்தை இன்னும் நிமிர்த்தி, இன்னும் பலமாகச் செருமி, அதே வரியை மறுபடி படித்தார். இம்முறை அத்தையே முதலில் சிரித்தாள்.

உடலை எடுத்துப்போக நான்கு மணிக்கு வந்த வண்டிக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். கதையில் அண்ணன் விளக்கை உயர்த்தித் தம்பியின் முகத்தருகே பிடித்திருந்தான். வண்டிக்காரர் போய் எஞ்சினை அணைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவோரம் வந்து உட்கார்ந்தார்.

"இதுக்கு முன்னாடி என்னங்க ஆச்சு?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார்.