இரண்டாயிரத்து நானூறு நொடி

மழை வலுக்க வலுக்க அந்த நிரல் சீக்கிரமாகச் செத்தது. திங்களன்று மூன்று மணி நேரம் தாங்கியது. வியாழனன்று ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

பிளோவ்திவ் நகர ஆற்று அலுவலகத்தில் மரித்சா ஆற்றின் நீர்மட்டத்தைக் கணிக்கும் கணினி நிரல் அது. சர்வரின் பின்னணியில் தன்பாட்டுக்கு ஓடவேண்டியது. நின்றால் கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை போகாது. மறுபடி ஓடவிடும் அனுமதி மிக்லெனா ஒருத்திக்குத்தான். நாலு நாளாக அவளுக்கு நாற்காலிதான் வீடு.

அன்று மாலை அவள் தம்பி ஒக்னியான் புர்காஸ் துறைமுகத்தில் கப்பலேறுகிறான். திரும்பிவர ஒன்பது மாதம். போன முறை அப்பாவின் வீட்டை வைத்துச் சண்டை போட்டுப் பிரிந்தார்கள். நேரில் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வருவதாகச் சொல்லியிருந்தாள். மதியம் ஒன்றே முக்காலுக்குக் கடைசி ரயில்.

"நீ எழுந்து போனா அது செத்துரும்மா," என்றார் மேலாளர் கென்கோ, சீஸ் வைத்த பனித்சாவை மென்றபடி.

"நான் இருக்கும்போதும் சாவுதே சார்!"

எரிச்சலோடு பழைய பதிவுகளைப் புரட்டினாள். கடிகாரப்படி அது தாங்கிய நேரம்தான் மாறியிருந்தது. ப்ராசசர் வேலைசெய்த நேரம் ஒவ்வொரு சாவிலும் ஒன்றே: 2400 நொடி. மழை கூடினால் கணக்கு கூடும், அந்த நொடிகள் விரைவில் தீரும்.

யாரோ உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். யார்? தேடினால் அவளேதான். மூன்று வருடத்துக்கு முன் கென்கோ ஏதோ ஓட்டி சர்வரையே முடக்கியபோது, யார் உள்நுழைந்து எதை ஓட்டினாலும் 2400 நொடியோடு நிற்கட்டும் என்று கட்டளை எழுதியிருந்தாள். சர்வர் தானாகத் தொடங்கிய நிரலுக்கு அது பொருந்தாது. திங்களன்று ஏதோ கோளாறில் நின்றதை அவள் கையால் தொடங்கியதும் பொருந்திவிட்டது. காப்பாற்றக் காப்பாற்ற அவளேதான் கொன்றுகொண்டிருந்தாள். சொந்தச் செலவில் சூனியம்!

மணி ஒன்று. இம்முறை நிரலைச் சர்வரே தானாகத் தொடங்கும்படி செய்தாள்.

"சரியாயிருச்சா?" என்றார் கென்கோ.

"2400 தாண்டினாத்தான் சார் தெரியும்."

வெளியே மழை கொட்டியது. எழுந்து ஓடியிருக்கலாம். கீழே இருக்கும் ஊர்களை நினைத்து உட்கார்ந்தாள். திரையில் நொடி எண் ஊர்ந்தது. ஒன்றே முக்காலில் 2310. ரயில் போயிருக்கும்.

2401. 2402. சாகவில்லை.

"பாத்தியா, இனி நீ தேவையே இல்ல. கெளம்பும்மா!" என்று சிரித்தார் கென்கோ.

அவள் தம்பிக்கு அழைத்தாள்.

"அக்கா, ரயில்ல ஏறிட்டியா?"

"இல்லடா," என்றாள். அதற்குமேல் அழுகைதான் வந்தது.