ஸ்தொயில் சொன்ன நே

எங்கள் பல்கேரியாவில் ‘நே’ என்றால் இல்லை, வேண்டாம். எல்லை தாண்டிக் கிரேக்கத்துக்குள் கால் வைத்தால் அதே ‘நே’ ஆமாம், சரி என்றாகிவிடும். இந்தக் கிறுக்குத்தனத்தைச் செய்துவைத்தவன் கையில் கிடைத்தால் சும்மா விடமாட்டேன்.

பிழைப்புக்காகக் கிரேக்கத்துக்கு வந்த புதிதில் இதை வைத்து எவ்வளவோ சிரித்திருக்கிறோம். நாங்கள் குடியிருக்கும் கவாலா ஊர்ச் சந்தையில் இன்னும் போடட்டுமா என்று தக்காளிக்காரர் கேட்கக் கேட்க, என் வீட்டுக்காரர் ஸ்தொயில் நே, நே என்று மறுத்து, பை கிழிகிற அளவுக்குச் சுமந்து வந்தார். அதெல்லாம் பழைய கதை. இப்போது அவர் பேரம் பேசுவதும் கிரேக்கத்தில்தான், திட்டுவதும் கிரேக்கத்தில்தான்.

அவர் வேலை செய்யும் சலவைக்கல் பட்டறையில், கல்லறுக்கும் இயந்திரம் வலது கட்டைவிரலை எடுத்துவிட்டது. கூட இருந்தவர்கள் விரலை ஐஸ் பையில் போட்டு அவரோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது பை அவர் மடியில் இருந்தது.

“வெரலு பத்திரமா இருக்குடி, தெச்சிடுவாங்க,” என்றார். முகம் வெளுத்துக் கிடந்தது.

நான் பக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும். ஆனால் அவருடைய இன்சூரன்ஸ் எண் கம்ப்யூட்டரில் உயிரோடு இல்லையாம். எதிர் அலுவலகத்தில் போய்ச் சரிசெய்துவிட்டு வரச் சொன்னார்கள். அங்கே போனால் குடியிருப்பு அட்டையின் நகல் வேண்டும் என்றார்கள். நகலோடு போனால் அந்த ஜன்னல் இல்லை, அடுத்த ஜன்னல் என்றார்கள். இத்தனை வருடம் வரி கட்டியும் வெளிநாட்டுக்காரி வெளிநாட்டுக்காரிதான். மனசுக்குள் எல்லோரையும் வைதுகொண்டே ஓடினேன்.

எண்ணுக்கு உயிர் வந்து நான் திரும்பியபோது ஸ்தொயில் கட்டிலில் மயக்கத்தில் இருந்தார். கையில் கட்டு. கட்டைவிரல் இருக்கவேண்டிய இடத்தில் அது மொட்டையாக இருந்தது. மடியில் பை இல்லை.

டாக்டர் கலோயிரோஸ் நல்ல மனிதர், பொறுமையாகவே சொன்னார். விரலை ஒட்டவைக்க தெசலோனிக்கி நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டுமாம். ஒட்டும் என்று உறுதியில்லையாம். அதனால் நோயாளியையே கேட்டாராம்.

“ஒட்டவைக்க வேணாம், இங்கயே காயத்த மூடித் தெச்சிடட்டுமான்னு கேட்டேம்மா. ஒரு தடவைக்கு மூணு தடவை கேட்டேன்.”

“அவரு என்ன சொன்னாரு?”

“நே, நே, நேன்னாரு.”

எனக்குப் புரிந்துவிட்டது. வலிக்கு ஊசி போட்டதும் கற்ற கிரேக்கமெல்லாம் கரைந்து, அம்மாவிடம் கற்றது மட்டும் அவர் நாக்கில் நின்றிருக்கிறது. வேண்டாம், வேண்டாம் என்று மன்றாடியிருக்கிறார். அவர்கள் மூடித் தைத்துவிட்டார்கள். இதை டாக்டரிடம் சொல்ல வாயைத் திறந்தேன்.

அப்போது ஸ்தொயில் கண் விழித்தார். கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எங்கள் மொழியில் மெதுவாகக் கேட்டார்.

“வெரல ஒட்டவெச்சிட்டாங்களாடி?”

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். முடியவில்லை.

“நே,” என்றேன்.

ஸ்தொயில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். டாக்டருக்குக் கேள்வி புரியவில்லை, பதில் மட்டும் புரிந்தது. திருப்தியோடு சிரித்து, அவர் தோளைத் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.