மூன்று விநாடி

பெயின்ட் அறைக்குள் ஓர் இரும்புத் தாங்கி நுழைந்ததும் அந்த இயந்திரக் கை உடனே வேலையை ஆரம்பிக்காது. மெல்ல மேலே எழும்பும். ஓர் ஆளின் முகத்து உயரத்துக்கு வந்து, பெயின்ட் கன்னின் பின்பக்கத்தைத் தன் பக்கம் சாய்த்து, கொஞ்சம் நிற்கும். பிறகுதான் இறங்கிப் பூசும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், தலைக்கு மேல் ஓடிக்கொண்டே இருக்கும் சங்கிலியின் கொக்கிகளில் லாரித் தாங்கிகளை மாட்டும் ஜோதிலட்சுமி இரண்டு வருடமாக அதைப் பார்க்கிறாள். ஒரு ஷிப்டில் நானூறு தடவை. சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பாள். மணி என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"இன்னாக்கா, உன் வூட்டுக்காரரு இன்னிக்கும் கரீட்டா டூட்டிக்கு வந்துட்டாரு" என்றாள் பக்கத்தில் நின்று தாங்கிகளின் ஓட்டைகளுக்கு ரப்பர் அடைப்பான் செருகும் பாஞ்சாலி. தினமும் சொல்வதுதான். அந்தக் கைக்கு ஆட்கள் வைத்த பேர் சின்ன துரை.

பெரிய துரை, அதாவது ஜோதியின் புருஷன் துரைராஜ், கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடியில் உட்கார்ந்திருந்தான். கிண்டி எஸ்டேட்டின் இந்தக் கம்பெனியில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவன். முதல் பதினொரு வருடம் பிளாஸ்டிங். கனத்த உடுப்பும் காற்றுக் குழாய் வைத்த தொப்பியும் மாட்டிக்கொண்டு, இரும்புப் பொடியைச் சீறவிடும் குழாயைப் பிடித்துத் துருவை உரிக்கிற வேலை. அந்தக் குழாயின் அதிர்வு அவன் விரல்களைத் தின்றது. முதலில் மார்கழிக் காலையில் மட்டும் நுனி வெளுத்து மரத்தது. பிறகு சித்திரையிலும் மரத்தது. பெயின்ட் பக்கம் மாற்றினார்கள். அங்கே அவனைப்போல் பூச ஆள் இல்லை என்று பேர் வாங்கினான். விரலுக்கு உணர்ச்சி இல்லாவிட்டாலும் மணிக்கட்டுக்கு இருந்தது.

பிறகு இயந்திரம் வந்தது. அடையாற்று ஆபீஸிலிருந்து இன்ஜினியர் ஸ்ரீரஞ்சனி வந்து, அவனுடைய கன்னில் ஒரு சின்னக் கருவியைக் கட்டி, "நீங்க எப்பவும் பண்றாப்லயே பண்ணுங்கண்ணே, அது பார்த்துக் கத்துக்கும்" என்றாள். அவன் எப்போதும்போலவே செய்தான். ஷிப்டின் முதல் தாங்கிக்கு முன்னால் கன்னை உயர்த்திக் கண்களில் ஒற்றிக்கொள்வது அவன் வழக்கம். அன்றைக்கும் ஒற்றிக்கொண்டான். ஸ்ரீரஞ்சனி அப்போது அவனைப் பார்க்கவில்லை, திரையில் ஓடிய கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஒரு நாளைக்கு ஒரு தடவை செய்ததை இயந்திரம் ஒவ்வொரு தாங்கிக்கும் செய்ய ஆரம்பித்தது. அது என்ன என்று ஜோதிக்கு முதல் நாளே தெரிந்தது. யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

புது பார்ட் வந்தால் பூசிக் காட்டக் கூப்பிடுகிறோம் என்று சொல்லித்தான் அவனை அனுப்பினார்கள். இரண்டு தடவை கூப்பிடவும் செய்தார்கள். பிறகு பத்து மாதமாகக் கூப்பிடவில்லை. போனைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான். குளிக்கப் போகும்போது பாத்ரூம் ஜன்னலில் வைத்தான். காலையில் டீ கொடுத்தால், "சூடா கீதா பாரு" என்று டம்ளரை அவளிடமே திருப்பி நீட்டுவான். விரலுக்குச் சூடு தெரியாமல் ஒரு தடவை உதட்டைச் சுட்டுக்கொண்டதிலிருந்து அப்படி. அவள் தொட்டுப் பார்த்து, "குடிக்கலாம்" என்பாள். அந்த வீட்டில் அவர்கள் பேசிக்கொள்கிற பேச்சில் பாதி அதுதான். அவளுக்குக் கோபமோ வருத்தமோ இருப்பதாகவும் தெரியவில்லை. அடுப்பை அணைப்பாள், பூட்டுவாள், பஸ் ஏறுவாள்.

திங்கட்கிழமை ஸ்ரீரஞ்சனி லேப்டாப்போடு வந்தாள். கண்ணாடி முன்னால் நின்று போனில், "இல்லம்மா, ஆத்துக்கு வர எட்டாயிடும். நீ கச்சேரிக்குப் போய்ட்டு வா" என்று பேசி முடித்து, ஜோதியின் பக்கம் திரும்பினாள்.

"ஜோதிக்கா, அடுத்த வாரத்துலேர்ந்து லைன் வேகத்தை ஏத்தணும். இது ஏன் ஒவ்வொரு தடவையும் மேல போய் நிக்கறது? மூணு செகண்ட். எடுத்தா ஷிப்டுக்குப் பதினேழு பீஸ் கூட வரும். காரணம் தெரியாம எடுக்க பயமா இருக்கு. அண்ணன் சும்மாவா செஞ்சிருப்பார்?"

ஜோதி ஒரு தாங்கியை மாட்டினாள். அடுத்த கொக்கி வந்தது. சும்மாதான் என்று சொன்னால் போதும், எடுத்துவிடுவார்கள். தன் குரல் சொன்னதை வேறு யாரோ சொல்வதுபோல் கேட்டாள்.

"கன்னு வாயில பெயின்ட் சொட்டு நிக்கும் மேடம். தூக்கி சாச்சா உள்ள போய்டும். இல்லாங்காட்டி மொத சொட்டு பார்ட் மேல வுழும்."

பாஞ்சாலி அடைப்பான் செருகுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். ஸ்ரீரஞ்சனி தலையாட்டி எதையோ தட்டிக்கொண்டாள். "அப்படியா? எதுக்கும் அண்ணனையே ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்டுடறேன்."

அதை ஜோதி எதிர்பார்க்கவில்லை.

புதன்கிழமை துரைராஜ் முகம் மழித்து, பழைய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றான். பட்டன்களை ஜோதி மாட்டிவிட்டாள். "புது பார்ட்டா இர்க்கும்னு நினைக்கிறேன்" என்றான். இல்லை என்று சொல்ல அவளுக்கு பஸ்ஸில் முழுதாக அரை மணி நேரம் இருந்தது. வழியெல்லாம் அவன் பேசிக்கொண்டே வந்தான், ஜன்னல் பக்கம் உட்கார்ந்து.

"வா நைனா வா!" என்று சூப்பர்வைசர் கலீமுல்லா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "இன்னாடா, மாப்ள கணக்கா வந்துகீற. உன் தம்பி உள்ள ஒரு நாள் லீவு போடல தெரியுமா? டீக்குக்கூட போறதில்ல."

"என் தம்பின்னா சும்மாவா?" என்றான் துரைராஜ்.

கண்ணாடி முன்னால் அவனை நிறுத்தினார்கள். கை எழும்பியது, நின்றது, இறங்கியது. ஒரு தாங்கி. இன்னொன்று. மூன்றாவதில் அவன் சிரித்துவிட்டான். நீண்ட நாளாக அவள் கேட்காத சிரிப்பு.

"அட பாவி, இத்தப் போயி புட்ச்சி வச்சிகீதே! மேடம், இது ஒண்ணியும் இல்ல. நான் அன்னிக்கு கன்ன தொட்டு கண்ணுல ஒத்திகினேன். அத்த இது ஒவ்வொரு வாட்டியும் பண்ணிகினு கீது. வேஸ்ட்டு. எட்த்துடுங்க."

"சொட்டு விழாம இருக்கறதுக்குன்னு..." என்று இழுத்தாள் ஸ்ரீரஞ்சனி.

"சொட்டா? என் கன்னு என்னிக்கு மேடம் சொட்டிகீது?"

ஸ்ரீரஞ்சனி ஜோதியைப் பார்த்தாள். ஜோதி கொக்கியைப் பார்த்தாள். ஸ்ரீரஞ்சனி குனிந்து லேப்டாப்பில் நாலைந்து தட்டுத் தட்டினாள். அடுத்த தாங்கி உள்ளே நுழைந்ததும் கை நேராக வேலைக்குப் போனது. யாருடைய கையாகவும் இல்லாமல்.

"இப்ப பாரு, எப்டி கீது" என்றான் துரைராஜ் திருப்தியாக. "வேற இன்னா மேடம் செய்யணும்? புது பார்ட் எதுனா வந்துகீதா?"

"இல்லண்ணே. இப்பல்லாம் ஆபீஸ்லயே கம்ப்யூட்டர்ல வரைஞ்சு அனுப்பிடறோம். யாரும் செஞ்சு காட்ட வேண்டாம்."

"ஓ" என்றான். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லதுதான்" என்றான்.

டீ இடைவேளையில் ஜோதி அவனோடு கேட்டுக்கு வெளியே வந்தாள். கடையில் இரண்டு டீ சொல்லிவிட்டு அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். எதிரே லாரிகள் திரும்பிக்கொண்டிருந்தன.

"சொட்டுன்னு ஏன் சொன்ன?"

"தெர்ல."

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, திரையைப் பார்க்காமலே அவளுடைய பையில் போட்டான். "நீயே வச்சிக்க. பாக்கெட்டு தொங்குது."

டீ வந்தது. அவன் தன் கிளாஸை வாங்கி, வழக்கம்போல அவள் பக்கம் நீட்டினான். "சூடா கீதா பாரு."

அவள் கிளாஸை முழுக் கையாலும் பிடித்தாள். ஆவி பறந்துகொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சங்கிலி ஓடுகிற சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள். உள்ளங்கை சிவந்துகொண்டு வந்தது. அவன் கையை நீட்டியபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தான்.