மூன்று மாதக் கார்டு

லாரி ஓட்டுகிறவன் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உடம்பைக் காட்டிக் கார்டு வாங்க வேண்டும். கார்டு இல்லையென்றால் வண்டி வாசலில் நிற்கும். இருபத்திரண்டு வருடமாக இதை நான் டயரில் காற்றுப் பார்க்கிற மாதிரிதான் பார்த்து வந்தேன். போவேன், கையை நீட்டுவேன், சுவரில் இருக்கும் எழுத்தைப் படிப்பேன், கார்டோடு திரும்புவேன். இந்தத் தடவை ஃப்ரெஸ்னோ டாக்டர் என் கையில் பிரஷர் பட்டையை மூன்று தடவை சுற்றினார். மூன்று தடவையும் நூற்று அறுபத்தெட்டுக்குக் கீழே இறங்கவில்லை.

"மிஸ்டர் சிங், ரெண்டு வருஷக் கார்டு தர முடியாது. மூணு மாசம் தரேன். அதுக்குள்ள பிரஷர் நூத்தி நாப்பதுக்கு வரணும். வரலைன்னா ஓட்ட முடியாது" என்றார்.

மாத்திரைக்கு என் டாக்டரைப் பார்க்கச் சொன்னார். என்ன தின்ன வேண்டும், என்ன தின்னக் கூடாது என்று ஒரு தாளும் கொடுத்தார். தாளை மடித்துக் காரில் வெயில் மறைப்புக்குப் பின்னால் செருகினேன். படிக்கவில்லை. படிக்க என்ன இருக்கிறது, என் தப்பு எனக்குத் தெரியாதா என்று நினைத்தேன்.

பதினாலு வயதில் ஊரை விட்டுக் கடல் தாண்டி, ஃப்ரெஸ்னோ பக்கத்துச் செல்மாவுக்கு வந்தவன் நான். பீச் மரத்தில் ஏணி சாய்த்திருக்கிறேன். பனிமூட்டத்தில் திராட்சைக் கொடி வெட்டியிருக்கிறேன். ஆகஸ்ட் வெயிலில் மண்ணில் குந்தி, காகிதத்தில் காயும் திராட்சையைப் புரட்டியிருக்கிறேன். அப்போது என் அப்பா தட்டில் பரோட்டாவுக்கு மேல் வெண்ணெயைக் கரண்டியால் போடுவார். எல்லாம் சாயங்காலத்துக்குள் எரிந்து போகும். பிறகு லாரி வந்தது. நாளைக்குப் பதினோரு மணி நேரம் உட்கார்ந்தே இருக்கிறேன். கைகாலுக்கு வேலை போய்விட்டது, வாய்க்கு மட்டும் பழைய வேலை அப்படியே இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவி ரச்பாலிடம் சொன்னேன். அவள் திராட்சை ஆலையில் பெல்ட் முன்னால் நின்று காம்பும் கல்லும் பொறுக்குகிறவள். பேச்சும் அப்படித்தான், பொறுக்கிப் போட்டுவிடுவாள்.

"எண்ணெய்தான்" என்றாள். "வேற என்ன? வண்டிய நிறுத்தினா எந்தக் கடையில பக்கோடா சுடறான்னு மூக்காலயே கண்டுபிடிக்கிற ஆளு."

"ஒத்துக்கிறேன்."

"ஒத்துக்கிட்டா போதுமா?"

மறுநாள் எங்கள் பெரிய இரும்புக் கடாயைக் காரில் வைத்து குருத்துவாரா சமையல்கூடத்தில் கொடுத்துவிட்டு வந்தாள். திரும்பும்போது, சூடான காற்றில் பொரிக்கிற ஏர் ஃப்ரையர் ஒன்றோடு வந்தாள். கறுப்பாக, ஹெல்மெட் மாதிரி இருந்தது. மேடையில் வைத்து ஒயரைச் சொருகினாள்.

"நல்லா இருக்கு. என்ன பண்ணப் போறே இதுல?" என்று கேட்டேன்.

"நானா? ரெண்டு மணியிலேர்ந்து பத்து மணி வரைக்கும் எனக்கு ஷிஃப்ட். இருபத்தாறு வருஷம் நான் பொரிச்சுப் போட்டேன். கார்டு என்னோடதா, உங்களோடதா?"

என் டாக்டரிடம் போய் மாத்திரை வாங்கிப் போட ஆரம்பித்தேன். தூர லோடுகளை நிறுத்தினேன். விடியுமுன் கிளம்பி ஓக்லண்ட் துறைமுகத்தில் கன்டெய்னரை இறக்கிவிட்டு மதியம் மூன்றுக்கு வீடு வந்து சேர்கிற ஓட்டமாகப் பிடித்தேன். மூன்று மணிக்கு வீட்டில் நானும் அந்தக் கறுப்புப் பெட்டியும்தான்.

முதல் நாள் பக்கோடா போட்டேன். ரச்பால் கரைக்கிற மாதிரியே கடலைமாவைக் கரைத்தேன், தளதளவென்று. வெங்காயத்தை அதில் முக்கிக் கூடையில் வரிசையாக வைத்து மூடினேன். எண்ணெயில் விழுந்த மாவு அந்த நொடியே இறுகிக்கொள்ளும். காற்றுக்கு அந்தப் பிடி கிடையாது. மாவு முழுக்கக் கூடை ஓட்டை வழியாகக் கீழே ஒழுகி, தட்டில் கருகி, வீடெல்லாம் புகை. கூரையில் இருந்த புகை மணி அலறியது. நான் நாற்காலி மேல் ஏறித் துண்டால் அதை விசிறிக்கொண்டிருந்தபோது தேஹல் உள்ளே வந்தான். என்னோடு கொடி வெட்டினவன், இப்போது அவனும் லாரிதான்.

"ஓய் சர்வன், ஏணி போட்டு என்னடா பறிக்கிற அங்க?"

"வாயை மூடிட்டு ஜன்னலத் திற."

அவன் கூடையை எட்டிப் பார்த்தான். மாவு போன வெங்காயம் மட்டும் அம்மணமாகக் கிடந்தது. "பாவம்டா, சட்டையக் கூட உருவிட்டியே" என்று சொல்லி ஒன்றை எடுத்துத் தின்றான். அவன் முகம் போன போக்கை எழுத்தில் கொண்டுவர முடியாது.

ஆனால் நான் எஞ்சினைப் பிரித்துப் பூட்டினவன். ஒரு வாரத்தில் அந்தப் பெட்டியின் குணம் பிடிபட்டது. மாவு ஒழுகக் கூடாது, பிசைய வேண்டும். வெங்காயத்தையும் கீரையையும் நறுக்கிப் பிசறி வைத்தால் அதுவே தண்ணீர் விடும். அந்த ஈரத்துக்கு எவ்வளவு மாவு பிடிக்குமோ அவ்வளவுதான் போட வேண்டும். கூடையை முதலில் சூடாக்க வேண்டும். நெருக்கி அடுக்கக் கூடாது, காற்று நுழைய வழி வேண்டும். பாதியில் திருப்பி, ஒரு ஸ்பூன் எண்ணெயைத் தூரிகையால் தடவ வேண்டும். வெண்டைக்காயை நீளவாக்கில் கீறிக் கடலைமாவு தூவி வைத்தால் பன்னிரண்டு நிமிடத்தில் மொறுமொறுவென்று வரும். பாகற்காய் வளையம் அதைவிட நன்றாக வரும். தயிரில் ஊறின கோழிக்கால் ருசியில் தந்தூர் அடுப்புக் கோழிக்குப் பக்கத்தில் போய் நிற்கும். பரோட்டா விட்டேன், பூரி விட்டேன். பெல்ட் ஒரு துளை உள்ளே போனது. ஒன்பது பவுண்டு குறைந்திருந்தேன்.

"ஆளு சின்னப் பையன் மாதிரி ஆயிட்டு வரீங்க" என்றாள் ரச்பால். அவள் வருவதற்குள் நான் தூங்கியிருப்பேன். அவள் பங்கை மூடி வைத்திருப்பேன். காலையில் டப்பா காலியாக இருக்கும். அவளிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

ஆறு வாரம் போனது. ஞாயிற்றுக்கிழமை குருத்துவாராவில் எங்கள் ஊர் நர்சுகள் மேசை போட்டுப் பிரஷர் பார்ப்பார்கள். கும்பிட்டுவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். ஜஸ்லீன் என்ற பெண் பட்டையைச் சுற்றினாள். எங்கள் தெருப் பெண்தான்.

"நூத்தி அறுவத்திரண்டு, அங்கிள் ஜி."

"மிஷின் சரியில்ல. மறுபடி பாரு."

மறுபடி பார்த்தாள். நூற்று அறுபத்து மூன்று. ரச்பால் என் பின்னால் நின்றாள். அவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. எனக்குக் காது சூடானது. இன்னும் ஆறு வாரம். ஐம்பத்தோரு வயதில் வண்டியை நிறுத்திவிட்டு நான் எங்கே போவேன்? கொடி வெட்டவா? முழங்கால் வளைய வேண்டாமா?

"நான் எண்ணெயே தொடறதில்ல" என்றேன். "ஆறு வாரமா எல்லாம் ஏர் ஃப்ரையர்ல. கேளு உன் ஆன்ட்டிய."

"நல்லது அங்கிள் ஜி. நேத்து மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?"

"ஆலு டிக்கி. நாலு. எண்ணெய் அரை ஸ்பூன்."

"எதோட?"

"எதோடன்னா? சும்மா எப்படித் தின்றது, காஞ்சு கெடக்குமே. சாட் மசாலா தூவினேன்."

"எவ்வளவு?"

விரலை மடக்கிக் கையால் தூவிக் காட்டினேன். அவள் கண்ணை விரித்தாள்.

"அப்புறம்?"

"மாங்காய் ஊறுகாய் ரெண்டு துண்டு. பச்சைமிளகாய் ஊறுகாய் ஒண்ணு. லஸ்ஸி."

"லஸ்ஸியில?"

"கறுப்பு உப்பு, சீரகம்."

"கோழிக்கு மசாலா?"

"பாக்கெட்தான்."

ஜஸ்லீன் பேனாவை மேசையில் வைத்தாள். "அங்கிள் ஜி, சாட் மசாலாவுல பாதி உப்பு. பாக்கெட் மசாலாவுல உப்பு. ஊறுகாய் மொத்தமே உப்பு. எண்ணெய நீங்க தின்னவே இல்லை, ஆனா எண்ணெய் போன இடத்துல உப்பக் கொட்டி ரொப்பியிருக்கீங்க. எடை குறைஞ்சது நல்லதுதான். ஆனா மாத்திரை கீழ இழுக்குது, நீங்க உப்பால மேல தள்றீங்க. டாக்டர் தாள் ஒண்ணும் தரலையா?"

காருக்குப் போய்த் தாளை எடுத்துப் பார்த்தேன். முதல் வரியே உப்புதான். எண்ணெய் ஐந்தாவது வரியில் இருந்தது.

வீட்டுக்குள் போனதும் ரச்பால் ஊறுகாய் ஜாடி மூன்றையும் எடுத்தாள். அவள் அக்கா ஜலந்தரிலிருந்து அனுப்பினது. எறியமாட்டாள் என்று நினைத்தேன். எறியவில்லை, தேஹல் வீட்டுக்குக் கொண்டு போய்க் கொடுத்தாள். திரும்பி வந்தபோது அவள் முகம் இறுகியிருந்தது.

"என் தப்புதான். எண்ணெய்தான்னு நான்தானே சொன்னேன்" என்றாள்.

"தூவினது யார் கை?"

"ஆமா, அந்தக் கை ஒடிஞ்சா தேவலை" என்றாள். அதோடு சரியானது.

அடுத்த பத்து நாள் சாப்பாடு அல்ல, தண்டனை. உப்பில்லாத உருளைக்கிழங்கு டிக்கியைத் தின்பது ஈர அட்டையைத் தின்பது மாதிரி. ஓக்லண்ட் துறைமுக வரிசையில் வண்டியை நிறுத்திவிட்டு, எதிரே இருக்கும் கடையின் உருளைக்கிழங்கு வறுவல் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால், இரண்டு தடவை இறங்கிக் கதவு வரை போனேன்.

வழி காட்டியது புளிப்புதான். ஒருநாள் தப்பித் தவறிக் காய்ந்த மாங்காய்ப் பொடி கொஞ்சம் அதிகம் விழுந்துவிட்டது. கடித்தேன். நாக்கு விழித்துக்கொண்டது. உப்பைத் தேடுகிற நாக்கைப் புளிப்பு ஏமாற்றுகிறது என்று அன்றுதான் தெரிந்தது. அப்புறம் கையில் கிடைத்ததையெல்லாம் சோதித்தேன். வறுத்துப் பொடித்த சீரகம், உள்ளங்கையில் கசக்கின ஓமம், ஒன்றிரண்டாக இடித்த கொத்தமல்லி விதை, காய்ந்த மாதுளை விதை, எலுமிச்சை. புதினாவை உப்பில்லாமல் தயிரில் அரைத்தேன். தூவுகிற உப்பு முழுக்க நின்றது. மாவுக்குள் ஒரு சிட்டிகை மட்டும் வைத்துக்கொண்டேன். ஒருநாள் காலையில் ரச்பால் எழுப்பினாள்.

"நேத்து அந்த காலிஃப்ளவர்ல என்ன போட்டீங்க?"

"ஏன்?"

"நாளைக்கும் போடுங்க."

ஜனவரியில் ஒரு ஞாயிறு மழை பிடித்தது. எங்கள் ஆட்களுக்கு மழை என்றால் பக்கோடா. யாரும் யாரையும் கூப்பிட வேண்டாம், கால் தானே நடக்கும். தேஹலும் இன்னும் இரண்டு டிரைவர்களும் வந்துவிட்டார்கள். தேஹல் கையில் மிட்டாய்க்கடைப் பெட்டி. திறந்தான். பத்து சமோசா, எண்ணெய் மின்ன.

"பாபி ஜி, உங்க ஆளு ஆஸ்பத்திரி சாப்பாடு போடுவான்னு தெரியும். அதான் உயிருக்குப் பாதுகாப்பா கொண்டு வந்துட்டேன்" என்று அண்ணி முறை வைத்து ரச்பாலிடம் சொன்னான்.

"வைங்க தேஹல். அவரும் போடறாரு, ரெண்டையும் தின்னுட்டுப் பேசுங்க" என்றாள் ரச்பால்.

எனக்குப் புதன்கிழமை டாக்டர். கீரையும் வெங்காயமும் பிசைந்து மூன்று சுற்றுப் போட்டேன். தட்டோடு புதினாத் தயிரையும், வேண்டியவர்களுக்குக் கிண்ணத்தில் உப்பையும் வைத்தேன். தேஹல் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மரத்தூள்ல செஞ்சியாடா?"

"தின்னு பாரு."

"தின்றேன், தின்றேன். செத்தா என் லாரிய நீ வித்துடாத." மென்றான். "மரத்தூள்தான்" என்றான். இன்னொன்று எடுத்தான். "உப்பே இல்ல" என்றான். மூன்றாவதை எடுத்தான். கிண்ணத்தை நான் அவன் பக்கம் தள்ளினேன். "வேணாம், இதுக்குள்ள என்னமோ இருக்கு, உப்பு போட்டா கெட்டுடும்" என்று சொல்லிவிட்டு, தான் சொன்னது காதில் விழுந்ததும் என்னை முறைத்தான். மற்ற இருவரும் சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது. தட்டு காலியானது.

சமோசாவில் நானும் ஒன்று தின்றேன். பொய் சொல்ல மாட்டேன். ரச்பால் பார்த்துவிட்டாள். அந்த ஒன்று மூன்று நாள் என் நெஞ்சில் கல் மாதிரி கிடந்தது.

புதன்கிழமை ஷிஃப்டுக்கு முன்னால் அவளும் வந்தாள். தலையில் ஆலைக்குப் போடுகிற முடி வலையோடு காரிலேயே உட்கார்ந்துகொண்டாள். உள்ளே டாக்டர் பட்டையைச் சுற்றினார். நூற்று நாற்பத்தாறு.

அந்தச் சமோசாவைத்தான் நினைத்தேன். ஒரு சமோசா ஒரு லாரியை நிறுத்துமா என்று நினைத்தேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "வேகமா நடந்து வந்தீங்களா?"

"ஆமா."

"பேசாம உட்காருங்க. காலைக் குறுக்கப் போடாதீங்க. பத்து நிமிஷம்."

சுவரில் சிறுநீரகப் படம் ஒன்று இருந்தது. அதையே பார்த்தேன். பத்து நிமிடம் கழித்து வந்தார். பட்டை இறுகியது, மெல்லத் தளர்ந்தது. நூற்று முப்பத்தாறு, எண்பத்து நாலு. சந்தேகத்துக்கு அடுத்த கையிலும் பார்த்தார். நூற்று முப்பத்தெட்டு.

"ஒரு வருஷம் தரேன்" என்றார்.

காரில் ஏறிக் கார்டை ரச்பால் மடியில் போட்டேன். அவள் தேதியை இரண்டு தடவை படித்தாள். வலைக்குள் கையை விட்டுத் தலையைச் சொறிந்தாள். கண் கலங்கினால் அப்படித்தான் செய்வாள்.

"ஒரு வருஷம்தானா? ரெண்டு இல்லையா?"

"பிரஷர்காரனுக்கு இனிமே வருஷா வருஷம்தான்."

"சரி. அப்போ ஒரு வருஷத்துக்கு நான் அடுப்புப் பக்கம் போக வேண்டாம்."

"அது எப்படி வந்துச்சு?"

"கார்டு உங்களோடதுதானே?"

போன் அடித்தது. லோடு கொடுக்கிறவன். வடக்கே வாஷிங்டன் மாநிலத்துக்கு ஆப்பிள் எடுக்கப் போகிறாயா, ஐந்து நாள் ஆகும், கார்டு வந்துவிட்டதா என்று கேட்டான். வந்துவிட்டது என்றேன். வாஷிங்டன் வேண்டாம், மூன்று மணிக்கு வீடு திரும்புகிற ஓட்டம் இருந்தால் அதையே கொடு என்றேன். ஏன், உடம்பு சரியில்லையா என்றான். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிப் போனை வைத்தேன்.

ரச்பால் கார்டைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். நான் வண்டியைப் பின்னால் எடுத்தேன்.

"ஆலைக்குப் போறதுக்கு முன்னாடி கடையில நிறுத்துங்க. வெண்டைக்காய் தீந்து போச்சு" என்றாள்.