அட்டைப்பெட்டிக்குள் ஒரு விபத்து

பொம்மைகளைப் படம் எடுக்கக் காசைக் கொட்டி லைட் பாக்ஸ் வாங்கிவிட்டுப் பீற்றிக்கொள்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னுடையது மீ நூடுல்ஸ் பாக்கெட் வந்த அட்டைப்பெட்டி. பக்கங்களில் சன்னல் வெட்டி, கேக் சுடும் தாளை ஒட்டினேன். பள்ளிப் பிள்ளைகள் படம் வரையும் பெரிய வெள்ளை மாஜோங் தாளை உள்ளே மடிப்பு விழாமல் வளைத்து வைத்தால் தரையும் சுவரும் ஒன்றாகிவிடும். புந்தோங் கடையில் வாங்கிய இரண்டு மேசை விளக்குகள். வேறென்ன வேண்டும்?

சின்னப் பொம்மை மாடல்கள் செய்யும் எங்கள் ஈப்போ குழுவில் இந்த மாதப் போட்டிக்குச் 'சாலை' என்று தலைப்பு. நான் கவிழ்ந்து கிடக்கும் லாரி செய்தேன். மாதிரிக்கு வேறு லாரியைத் தேடுவானேன் என்று, பீடோரில் கொய்யா ஏற்றும் என் அக்கா புருஷன் கனகராஜ் மாமாவின் லாரியையே உள்ளங்கை அளவில் செய்துவிட்டேன். முன்கண்ணாடியில் வேல் ஸ்டிக்கர், தொங்கும் எலுமிச்சம்பழம், எண் பலகை, எல்லாம் அச்சு அசல்.

உப்புத்தாள் தார்ச்சாலையானது. மாஜோங் தாளை எடுத்துவிட்டு மேகம் அச்சடித்த தாளை வைத்தேன். ஒரு விளக்கை அணைத்து இன்னொன்றைச் சாய்த்ததும் மாலை வெயில் வந்துவிட்டது. கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரையோடு ஒட்டிவிடும். சாலையோரம் நிற்கும் ஆள் பார்த்ததுபோல் படம் விழும். விழுந்த படத்தைப் பார்த்து நானே திடுக்கிட்டேன். கர்வம் தாங்கவில்லை. உடனே குழுவில் போட்டேன்.

மறுநாள் காலை சித்தப்பா மகள் பிரமிளா அழுதுகொண்டே கூப்பிட்டாள்.

"அண்ணே, எங்க இருக்கே? மாமா லாரி கவுந்துருச்சாம்லா! ஆளு போயிட்டாராம்! படம் வந்துருக்கு!"

அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். என் படம்.

எங்கள் குழுவில் இருக்கும் சீனியைப் போனில் பிடித்தேன். "நெசம்னு நம்புறானுங்களான்னு பாக்கத்தான்லா மச்சான், இன்னொரு குரூப்ல போட்டேன்," என்றான். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அங்கிருந்து படம் எத்தனை கை மாறியதோ, போகிற வழியில் யாரோ மாமாவையும் கொன்றுவிட்டார்கள்.

மாமா கிளந்தானுக்கு லோடு ஏற்றிப் போயிருந்தார். மலைப்பாதையில் லைன் கிடைக்காது. விமலா அக்கா போனை எடுக்கவேயில்லை. அக்காவுக்கு ரத்தக் கொதிப்பு வேறு. அந்த லாரியைப் பெட்டியிலிருந்து பிய்த்து எடுத்துக்கொண்டு காரை பீடோருக்கு விரட்டினேன். மயங்கி விழுந்திருந்தால்? எதையாவது குடித்துத் தொலைத்திருந்தால்?

பழைய தோட்டத்து லயத்து வீடுகளை ஒட்டித்தான் அக்கா வீடு. வாசலில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பிரேதம் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று ஒருவர் போனில் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"மாமா சாவல! இது பொம்மை! நான் செஞ்ச பொம்மை!" என்று லாரியைத் தூக்கிக் காட்டினேன்.

பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் லாரியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் கன்னத்தில் பளார் என்று ஒன்று வைத்தார்.

"எரும! வெளையாடுற வெசயமாடா இது?"

வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். அக்கா சமையலறைத் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "ஒரு சொட்டுக் கண்ணீர் வரலப்பா. அதிர்ச்சியில அப்படியே ஒறஞ்சு போச்சு," என்றாள் சுற்றி இருந்தவர்களில் ஒருத்தி. நான் மண்டியிட்டேன்.

"அக்கா, மன்னிச்சிரு. அது என் பொம்மை லாரி. மாமா நல்லாத்தான் இருக்காரு."

"நெசமாவா?"

"சாமி சத்தியமா."

அழுவாள், அடிப்பாள், கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் முகம் இருண்டுவிட்டது. வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. பெண்கள் நல்ல செய்தியைச் சொல்ல வாசலுக்குப் போனார்கள். நாற்காலிகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

"அவரு செத்துட்டாருன்னு கேட்டதுலேருந்து நல்லா மூச்சு வுட்டேன்டா தம்பி," என்றாள் மெதுவாக.

எனக்கு விளங்கவில்லை. அக்கா சட்டைக் கையை மேலே ஏற்றினாள். முழங்கையிலிருந்து தோள்வரை கன்றிப் போயிருந்தது. பழைய தழும்புகள், அவற்றின்மேல் நேற்றோ முந்தாநாளோ பட்டவை. மாமாவா? வரும்போதெல்லாம் கூடை நிறையக் கொய்யா கொண்டுவந்து, 'மச்சான்' என்று தோளில் கை போடுகிற மனுஷனா? என் அக்காவையா?

அக்காவின் போன் அடித்தது. திரையில் மாமா பெயர். வாசலிலிருந்து கருப்பம்மாள் எட்டிப் பார்த்தார்.

"எடு விமலா, ஒம்புருசனாத்தான் இருக்கும்! சாமி காப்பாத்திருச்சு!"

செத்தார் என்று கேட்டு அசையாத அக்கா இப்போது சட்டென்று அதை என் பக்கம் நீட்டினாள். போனை நான் வாங்கினேன். வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் குரல் வந்தது.

"ஏண்டி, நான் செத்துட்டேன்னு ஊரக் கூட்டி வச்சிருக்கியாமே? சந்தோசமா இருந்துச்சா? வாரேன் இரு. வந்து வச்சிக்கிறேன் ஒன்ன."

அப்படி ஒரு குரலில் மாமா பேசி நான் கேட்டதே இல்லை. போனைத் துண்டித்தேன்.

"கெளம்புக்கா. புந்தோங்குக்கு, என் வீட்டுக்குப் போலாம். ரெண்டு துணிமணி மட்டும் எடுத்துக்க."

அக்கா எழுந்தாள். அரிசி டிரம்முக்குப் பின்னால் கையை விட்டு, துணிமணி அடைத்து வாய் கட்டிய பை ஒன்றை இழுத்தாள். மேலே தூசு படிந்திருந்தது.

"இதக் கட்டி ரொம்ப நாளாச்சுடா தம்பி," என்றாள். "யாரும் வான்னு கூப்புடல."