எங்கள் மாவட்டத்தின் ஆரோக்கியத்துக்கு ஒரு விளக்கக் குறிப்பு

1

இது நானாக யோசித்த கதை அல்ல, என் தலையில் கட்டப்பட்ட கதை. கல்யாண விருந்தில் கோப்பையைத் தூக்கிப் பிடித்துப் பேசுகிறவர்களுக்கு வாழ்த்துரை எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவன் நான். எங்கள் பிஷ்கெக் நகரத்தில் இந்தத் தொழிலுக்கு நல்ல கிராக்கி உண்டு. பக்கத்து வீட்டுக் கனிஷாய் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் புள்ளிவிவரம் பார்ப்பவள். ஆண்டுக் கடைசியில் ஒருநாள், கையில் சூடான போர்சோக் தட்டோடு வந்து நின்றாள். அவள் பலகாரத்தோடு வந்தால் எனக்கு வேலை வந்திருக்கிறது என்று அர்த்தம்.

"நீங்க எதையும் அழகா எழுதுவீங்களே. வருஷாந்திர இறப்புக் கணக்குக்கு ஒரு விளக்கக் குறிப்பு எழுதிக் குடுங்க."

"என்னத்த விளக்கணும்?"

"நம்ம மாவட்டத்துல ஏன் யாரும் சாகறதில்லன்னு."

2

முதல் தொடக்கம்: பனிப்புகை போர்த்திய அந்த மாநகரின் மீது மரணம் தன் கரிய சிறகுகளை—

வேண்டாம். மரணத்துக்குச் சிறகு வைத்தால் கனிஷாய் அடிக்க வருவாள்.

இரண்டாவது தொடக்கம்: நகரத்திலேயே ஆரோக்கியமான மாவட்டம் எங்களுடையது.

இது உண்மை, அதாவது தாளில் உண்மை. நேரில் வந்தால் மேட்டுச் சரிவு முழுக்க எங்கள் புதுக்குடியிருப்பு. வீட்டுக்கு வீடு நிலக்கரி அடுப்பு. கரி தீர்ந்தால் தையல் பட்டறைகளில் மிஞ்சிய துண்டுத் துணியை மூட்டை மூட்டையாக வாங்கி எரிப்போம். நைலான் எரிகிற புகையில் குழந்தைகள் இருமுகிற சத்தத்தை வைத்தே எது யார் வீட்டுக் குழந்தை என்று சொல்லிவிடலாம். ஆனால் இறப்பு விகிதத்தில் நாங்கள்தான் கடைசி. கரிக்குப் பதிலாக அடுப்புக்கு வரவேண்டிய எரிவாயுக் குழாய், எங்கே அதிகம் பேர் சாகிறார்களோ அங்கேதான் முதலில் வரும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. கேட்டால் நியாயம் மாதிரிதான் இருக்கிறது.

(அடைப்புக்குறிக்குள் ரகசியத்தை உடைத்துவிடுகிறேன். மலையூர்களிலிருந்து வந்து குடியேறிய எங்கள் ஆட்களுக்குச் சொந்த ஊரில், சொந்தபந்தம் சூழக் கண்ணை மூட வேண்டும். டாக்டர் கையை விரித்ததும் உயிரோடு வண்டியில் ஏற்றி நாரினுக்கோ தலாஸுக்கோ கொண்டுபோய்விடுவார்கள். சாவு அங்கே, பதிவும் அங்கே. புகை எங்களுடையது, கணக்கு அவர்களுடையது. இதையே குறிப்பாக எழுதி அனுப்பினோம். 'வெளியூரில் பதிவானது வெளியூர்ச் சாவு' என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.)

3

அந்த வண்டியை ஓட்டுகிறவர் துருஸ்பெக். மூன்று வீடு தள்ளி இருக்கிறார். முதலில் அவரை வில்லனாக எழுதிப் பார்த்தேன். பெரிய மீசை கூட வைத்தேன். ஒட்டவில்லை. மீசையை எடுத்துவிட்டு, அவரும் கனிஷாயும் தெருவில் சண்டை போட்டதை அப்படியே தருகிறேன்.

"பைகே*, என் கணக்கையெல்லாம் நீங்கதான் கடத்திட்டுப் போறீங்க!"

"நான் பொணம் ஏத்தற ஆளில்ல, தங்கச்சி. உசுரோடதான் ஏத்தறேன். ரெண்டு பேரு மலைக்காத்து பட்டதும் எழுந்து உக்காந்து, திரும்பி வர எங்கிட்டயே வாடகை பேரம் பேசினானுங்க, தெரியுமா?"

"அத எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"பொழச்சவனுக்கு உன் தாள்ல எடம் ஏது?"

[இந்த இடத்தில் கனிஷாய் நறுக்கென்று ஒரு பதில் சொல்ல வேண்டும். நான் நிறைய யோசித்தேன். வீட்டுக்குப் போய் அவளும் யோசித்தாளாம். கிடைக்கவில்லை.]

* பைகே என்றால் அண்ணன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால் வேறு.

4

ஜனவரியில் துருஸ்பெக் ரத்தமாக இருமினார். நுரையீரல் போய்விட்டது, இந்தப் புகையில் குளிர்காலம் தாண்டாது என்றார் டாக்டர். நாரினிலிருந்து தம்பிகள் இரண்டு பேர் வந்து, அவருடைய வண்டியிலேயே அவருக்குப் படுக்கை விரித்தார்கள். அவர் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் வரல."

"மானம் போயிடும்ணே," என்றான் பெரிய தம்பி. "துருஸ்பெக்குக்கு நாதியில்லன்னு ஊரே பேசும்."

"பேசட்டும்டா. நான் போனா இந்த வண்டிய நீங்க ஓட்டுவீங்க. நான் நின்னா வண்டியும் நிக்கும். வண்டி நின்னா மத்தவனும் இங்கதான் கண்ண மூடுவான். ஏம்மா கனிஷாய், கணக்கு ஏறும்ல? குழாய் வரும்ல? உள்ள என் பேத்தி இருமறா பாரு. இதக் கேட்டுட்டு நான் மட்டும் நல்ல காத்து வாங்கப் போவேனா?"

இத்தனை வருஷமாக அவள் கேட்டது இதைத்தான். இப்போது அவளே போய் வண்டிக் கதவைத் திறந்து பிடித்தாள்.

"எனக்கு உங்க கணக்கு வேணாம், பைகே. வண்டில ஏறுங்க. ரெண்டு பேரு பொழச்சாங்கன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அது பொய்யி. ஒருத்தன்தான்."

"ஒருத்தன் போதும்," என்றாள். தசமப் புள்ளிக்குப் பின்னால் மூன்றாவது இலக்கத்துக்காக மேலதிகாரியோடு மல்லுக்கு நிற்கிறவள் சொன்னது இது.

5

முடிவு அ: ஏறுகிறார். டோலோன் கணவாய் தாண்டி, தன் ஆட்கள் நடுவில் கண்ணை மூடுகிறார். இந்த ஆண்டும் ஆரோக்கியத்தில் நாங்களே முதலிடம். பேத்தி இருமுகிறாள்.

முடிவு ஆ: ஏறவில்லை. இங்கேயே போகிறார். வண்டி நின்றதால் இன்னும் பலர், ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டுக் கேட்டே இங்கே போகிறார்கள். எண்ணிக்கை ஏறுகிறது, குழாய் வரு—

இதை எழுத எனக்குக் கோபம் வருகிறது. அடுப்புக்கு வாயு வேண்டுமென்றால் ஆள் செத்துக் காட்ட வேண்டுமாம். அவர்கள் கொடுக்கிற சலுகையும் ஆச்சு, கணக்கும் ஆச்சு!

முடிவு இ: போகிறார், தேறுகிறார், திரும்பி வரும்போது தன் தம்பியிடமே வாடகை கேட்கிறார். (கல்யாண வாழ்த்து எழுதுகிறவன் புத்தி வேறு எங்கே போகும்?) கனிஷாய் இதை நின்றபடியே படித்தாள்.

"இத ஆபீசுக்கு அனுப்ப முடியாது."

"அடிச்சிடட்டுமா?"

"வேணாம். இருக்கட்டும்."

6

அதற்குமேல் நான் எழுதவில்லை, எழுதப்போவதும் இல்லை. துருஸ்பெக் வண்டிப் படியிலேயே உட்கார்ந்திருக்கிறார். தம்பிகள் கம்பளியோடு நிற்கிறார்கள். கனிஷாய் வண்டிக் கதவைத் திறந்து பிடித்திருக்கிறாள். வீட்டுக்குள் குழந்தை இருமுகிறது. அவர் ஏறுவதா வேண்டாமா என்பதை உங்களிடம் விட்டுவிட்டேன். எதுவானாலும் சீக்கிரம் சொல்லுங்கள். ஒரு கதைக்காக அவரை இந்தப் புகையில் இவ்வளவு நேரம் உட்கார வைத்ததே பெரிய தப்பு.