ஞாயிற்றுக்கிழமைக்குள்

'தொம்' என்று ஒரு சத்தம். கூவப்பாடத்தில் கமலாக்ஷியின் டி.டி.பி. கடை வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு சுருள் வந்து விழுந்தது. படியில் படுத்திருந்த பூனை அலறிக்கொண்டு மேஜைக்கு அடியில் பாய்ந்தது.

"மெதுவா, சேட்டா! ஃபிளக்ஸாக்கும் அது. கிழிஞ்சா யார் பதில் சொல்றது?" என்று ஆட்டோக்காரரைக் கடிந்துகொண்டே உள்ளே வந்தான் வெங்கிட்டு.

வெங்கிட்டு, ஞானதீபம் காலேஜின் பழைய மாணவர் சங்கச் செயலாளர். காலேஜ் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், ஒரு மிளகுக் கிடங்கின் மாடியில், நாலு அறையில் நடந்த டுட்டோரியல். பத்தாவதில் கோட்டை விட்டவர்கள், ப்ரீடிகிரியில் குப்புற விழுந்தவர்கள், மற்ற காலேஜ்காரர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பியவர்கள் எல்லோருக்கும் அதுதான் அடைக்கலம். காலேஜை இழுத்து மூடி எத்தனையோ காலமாயிற்று. ஆனால் வாட்ஸ்அப் வந்த பிறகு சங்கம் மட்டும் சக்கைப்போடு போட்டது. மாதாமாதம் ஒரு செய்திமடல். யாருக்குக் கல்யாணம், யாருடைய பெண் டாக்டரானாள், யார் போய்ச் சேர்ந்தார், அடுத்த நிகழ்ச்சி என்ன என்று எல்லாவற்றையும் மலையாளத்தில் அடித்து, படம் சேர்த்து, குரூப்பில் விடுவது கமலாக்ஷியின் வேலை. சம்பளம் கிடையாது. 'நம்ம கமலம்' என்ற பட்டம் மட்டும் உண்டு.

"ஆண்டு விழாவுக்கா? இத்தனை சீக்கிரமா?" என்று கேட்டபடியே சுருளின் ஒரு முனையை விரித்தாள்.

புது ஃபிளக்ஸின் நெடி குப்பென்று மூக்கில் ஏறியது. முதலில் வந்தது கூடப் படித்த ஹரிஷங்கரின் முகம். கோட்டு, கூலிங் கிளாஸ், துபாய்ச் சிரிப்பு. பக்கத்தில் வெங்கிட்டு, கைகூப்பியபடி. இன்னும் கொஞ்சம் விரித்தாள். அந்த இரண்டு முகங்களையும்விடச் சின்னதாக, நடுவில் அவர்களுடைய இங்கிலீஷ் வாத்தியார் நீலகண்டன் மாஷ். ஏதோ கல்யாணப் பந்தியில் எடுத்த படம். இலையை வெட்டியிருந்தார்கள், வாயோரத்துப் பாயசத்தை வெட்ட மறந்திருந்தார்கள். கழுத்தில் கம்ப்யூட்டர் மாலை. தலைக்கு மேலே கறுப்புப் பட்டையில் கொட்டை எழுத்தில் இரங்கல்: 'ஆதராஞ்சலிகள்.'

கமலாக்ஷி சுருளைக் கைவிட்டாள். ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தாள்.

"எப்போடா?"

"எது எப்போ?"

"மாஷ்... எப்போ போனார்?"

வெங்கிட்டு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். "போகலை. இன்னும் போகலை."

கமலாக்ஷி அவனையே பார்த்தாள். விளையாடுகிற முகமாக இல்லை. சமையல்காரர் வராத கல்யாண வீட்டுக்காரனைப்போலக் கவலையாக இருந்தது.

"கேட்டுக்கோ, கமலம். இன்னிக்கு வெள்ளிக்கிழமை. ஹரிக்கு ஞாயித்துக்கிழமை ராத்திரி ஃப்ளைட். கல்ஃப்லேர்ந்து வந்திருக்கிற மத்தவாளுக்கும் அப்படித்தான். மாஷுக்கு வென்டிலேட்டர் வச்சு ஒரு வாரமாச்சு. டாக்டர் கையை விரிச்சாச்சு. அதனால ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அனுசோசன யோகம்னு இரங்கல் கூட்டம் வச்சுட்டோம். ஹால் சொல்லியாச்சு, மைக் சொல்லியாச்சு. கடைசி நிமிஷத்துல ஃபிளக்ஸ்காரன் கரன்ட் இல்லைம்பான். அதான்..."

"கரன்ட் போயிடும்னு பயந்து மாஷை முதல்ல அனுப்பிட்டேளாக்கும்?"

"இதுல கோவிச்சுக்க என்ன இருக்கு? நம்ம ஊர்ல ஆள் போன அரைமணியில ஜங்ஷன்ல ஃபிளக்ஸ் நிக்கணும். இல்லேன்னா சங்கத்துக்கே கேவலம். நீ மடல்ல 'வரும் நிகழ்ச்சிகள்' பக்கத்துல ஒரு கட்டம் போட்டு வை. நான் போன் பண்ணினதும் விட்டுடு. ஹரி ஒரு குறிப்பு எழுதியிருக்கான், அனுப்பறேன். கண்ணுல தண்ணி வந்துடும்."

போனில் குறிப்பு வந்தது. கமலாக்ஷி படித்தாள். 'என் குருநாதரின் கடைசி மூச்சு என் உள்ளங்கையில்தான் பிரிந்தது. ஹரி, நம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்று மெல்லச் சொன்னார். அந்தக் கண்களை நான்தான் மூடினேன்.'

குடித்து முடித்த மோருக்கு அடியில் பல்லியைப் பார்த்தவள் மாதிரி போனைத் தள்ளி வைத்தாள்.

"ஒரு வாரமா தொண்டையில குழாய் சொருகியிருக்கு. எப்படிடா பேசினார்?"

"அது ஒரு ஃபீலிங்குக்காக எழுதறது. வக்கீல் மாதிரி கேள்வி கேட்காதே."

"இது மடல்ல வராது."

"சங்கத்து மடல், கமலம்."

"அப்போ சங்கமே உட்கார்ந்து அடிச்சுக்கட்டும். என் விரல் அடிக்காது."

வெங்கிட்டு பெருமூச்சு விட்டான். "உனக்கு எப்பவும் நாக்கு நீளம். சரி, விடு, வேற யாராவது பண்ணுவா. இந்தச் சுருளாவது இங்கே கிடக்கட்டும். நாளைக்குக் காலம்பற எனக்கு ஆம்புலன்ஸ் ஏற்பாடு வேற இருக்கு."

"எதுக்கு ஆம்புலன்ஸ்?"

சொல்லியிருக்கக் கூடாது என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. செருப்பைத் தேடுவதுபோலக் கீழே பார்த்தான்.

"மாஷை ஆத்துக்குக் கொண்டு வரத்தான். மெஷினையெல்லாம் எடுத்துட்டு. ஆஸ்பத்திரியில அனாதை மாதிரி கிடக்கறதைவிட சொந்தக் கட்டில்ல... ஹரி மாமிகிட்ட பேசிண்டிருக்கான். மாமி சரின்னுட்டா நாளைக்கே."

"மெஷினை எடுத்தா?"

"ஆத்து வரைக்கும் தாங்கும்னு..."

மிச்சத்தைக் கேட்க அவள் நிற்கவில்லை. பையை எடுத்தாள். வெங்கிட்டுவை வெளியே தள்ளாத குறையாக அனுப்பி, ஷட்டரைச் 'சடசட'வென்று இறக்கினாள். சுருளைத் தோளில் சுமந்துகொண்டு அவன் நடுத்தெருவில் நின்றான்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோ தோப்பும்படி பாலத்தில் நத்தையாக ஊர்ந்தது. வெள்ளிக்கிழமைச் சாயங்காலம், எர்ணாகுளமே பாலத்தின்மேல் நின்றது. இரண்டு தடவை இங்கிலீஷில் தோற்ற கமலாக்ஷியை மூன்றாம் தடவை கரையேற்றியவர் நீலகண்டன் மாஷ். ஹரிஷங்கரையும் வெங்கிட்டுவையும் அவர்தான் ஏற்றினார். குழந்தை குட்டி இல்லாதவர். 'நீங்கள்ளாம் இருக்கேளேடா' என்பார். இவர்களெல்லாம் இருக்கிற லட்சணம் இது! இவளும்தான் என்ன கிழித்தாள்? ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று ஆரஞ்சோடு ஒரு தடவை எட்டிப் பார்த்தது. அதற்குப் பிறகு கடை, மடல், 'மாஷுக்காகப் பிரார்த்திப்போம்' என்று குரூப்பில் ஒரு வரி. அவ்வளவுதான்.

ஐ.சி.யூ. வராந்தாவில் அவள் மூக்குக்கு முதலில் வந்தது அத்தர் வாசனை. அதற்குப் பின்னாலேயே முட்டை பஃப்ஸ் வாசனை. பழைய மாணவர்கள் ஒரு கூட்டமாக நின்று சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் விஸ்வநாத் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். ஹரிஷங்கர் பஃப்ஸ் தூள் ஒட்டிய உதட்டைத் துடைத்துவிட்டு, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, ஐ.சி.யூ. கதவின்மேல் ஒரு கையை வைத்தான். 'க்ளிக்.'

"கண்ணு மூடிடுத்து. இன்னொண்ணு எடு" என்றான்.

பிறகு இவளைப் பார்த்தான். "அட, நம்ம எடிட்டர்! வா, வா, நீயும் ஃப்ரேமுக்குள்ள நில்லு."

"நான் ஒண்ணு கேட்கட்டுமா, ஹரி? கடைசி மூச்சு உன் எந்தக் கையில போச்சு? பஃப்ஸ் பிடிச்ச கையிலயா, மத்த கையிலயா?"

விஸ்வநாத் போனை இறக்கினான். யாரோ ஒருவன் இருமினான். ஹரிஷங்கர் மட்டும் அசரவில்லை, குரலைத் தாழ்த்தினான்.

"எமோஷனல் ஆகாதே. ப்ராக்டிகலா யோசி. மாஷுக்கு ஒரு நல்ல வழியனுப்பல் வேண்டாமா? எல்லாரும் சேர்ந்திருக்கோம். பூமாலை, பேச்சு, பத்திரிகைல போட்டோ. அடுத்த மாசம் நடந்தா யார் வருவா? இப்போ நடந்தா அவருக்குத்தானே கௌரவம்?"

"நடந்தாவா? அவர் என்ன கும்பாபிஷேகமா, நல்ல நாள் பார்த்து நடத்த?"

அதற்குள் கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தாள். தமிழ்ப் பேச்சு காதில் விழுந்ததும் தனக்குத் தெரிந்த தமிழில் பேசினாள். "நீங்க மாஷோட ஆளா? காலையிலிருந்தே கொஞ்சம் பேதமிருக்கு, தேவலை, சேச்சி. காய்ச்சல் விட்டாச்சு. கையைக் கொடுத்தா அமுக்கிப் பிடிக்கறார். ரெண்டு நாள்ல மெஷினைக் குறைச்சுப் பார்க்கலாம்னு டாக்டர் பறஞ்சு."

"பிழைச்சுடுவாரா?" கமலாக்ஷி அவளை நெருங்கினாள்.

"பிழைக்கலாம். படுக்கையிலதான் இருப்பார். ஒரு மாசமோ, ஒரு வருஷமோ. தைவம் தீர்மானிக்கும்."

கமலாக்ஷி திரும்பினாள். அந்தக் கூட்டத்தில் ஒரு முகமாவது மலரும் என்று பார்த்தாள். விஸ்வநாத் சாயா டம்ளருக்குள் பார்த்தான். ஹரிஷங்கர் நெற்றியைச் சுருக்கி, போனில் எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்தான். "ச்சே" என்றான். யாருக்கும் கேட்காது என்று நினைத்துச் சொன்ன 'ச்சே.' இவளுக்குக் கேட்டுவிட்டது. காரித் துப்பலாம்போல வாயில் எச்சில் ஊறியது. ஆஸ்பத்திரித் தரை பளபளவென்று இருந்ததால் விழுங்கிக்கொண்டாள்.

வராந்தாக் கோடியில், ஜன்னல் ஓரத்து பெஞ்சில், மாஷின் மனைவி சங்கரி மாமி தனியாக உட்கார்ந்திருந்தாள். மடியில் ஃப்ளாஸ்க். வந்தவர்கள் வைத்துவிட்டுப் போன பழக்கூடைகள் பக்கத்தில் பிரிக்காமல் கிடந்தன. கமலாக்ஷி ஓடிப்போய் அவள் காலடியில் உட்கார்ந்தாள்.

"மாமி! மாஷுக்குத் தேவலையாம். கையை அமுக்கறாராம். நர்ஸ் இப்போதான் சொன்னா!"

"தெரியும்டி. காலம்பறவே என்னை உள்ளே விட்டா. என் கையைப் பிடிச்சவர் விடவே மாட்டேன்னுட்டார்." மாமி தன் வலது உள்ளங்கையை விரித்து, அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "பழைய பிடி இல்லை. ஆனாலும் பிடிதான்."

"அப்புறமென்ன? இவன்கள் ஆம்புலன்ஸ் அது இதுன்னு வந்தா விரட்டி விடுங்கோ. நான் இங்கேயே இருக்கேன். எவன் வாயைத் திறக்கறான்னு பார்க்கறேன்."

மாமி ஃப்ளாஸ்க்கை மடியில் நிமிர்த்தி வைத்தாள்.

"மாமி?"

"டாக்டர்கிட்ட சொல்லியாச்சு, கமலா. நாளைக்குக் காலம்பற ஆத்துக்குக் கூட்டிண்டு போறேன்."

"ஹரி மிரட்டினானா? என்ன சொன்னான்? சொல்லுங்கோ, இப்பவே அவன் சட்டையைப் பிடிக்கறேன்!"

"சே, சே. அவன் என்னை என்ன மிரட்டறது? நன்னாத்தான் பேசினான். மாமி, மாமின்னு பத்து தடவை கூப்பிட்டான். நான்தான் சரின்னேன்."

"அவர் பிழைச்சுண்டு வரார்னு தெரிஞ்சுமா?"

மாமி தலையைத் தூக்கினாள். வராந்தாவின் அந்தக் கோடியில் சாயா குடித்துக்கொண்டிருந்த தடித்தடி ஆண்பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பார்வையில் கோபம் இல்லை. சந்தையில் ஆள் அமர்த்த வந்தவள் தோள்களை அளவெடுப்பதுபோல ஒரு பார்வை. பிறகு ஃப்ளாஸ்க் மூடியை இறுகத் திருகிவிட்டுச் சொன்னாள்:

"இவாள்லாம் போனப்புறம் அவர் போனா, தூக்கறதுக்கு நாலு பேருக்கு நான் எங்கேடி போவேன்?"